வீட்டு வாசலில் கரடி: நீலகிரியில் புதிதாகக் குடியேறுபவர்களுக்குச் சட்டமும் நடைமுறையும்

கோத்தகிரி, குன்னூர், உதகை பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு வாங்கியவர்களும் வாடகைக்கு வந்தவர்களும் விடுதி நடத்த வந்தவர்களும் சீக்கிரமே கரடியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கேள்விகள் மூன்றுதான். விரட்டலாமா? வனத்துறை பிடித்துக்கொண்டு போகுமா? கதவை உடைத்துவிட்டால் யார் பணம் தருவார்கள்? அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆளுக்கொரு யோசனை வரும். அவற்றில் சில, சொன்னவரை விட்டுவிட்டுக் கேட்டவரைச் சிறையில் வைக்கக்கூடியவை. அதனால் சட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

"வேட்டை" என்ற சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் ஊர்க் கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானை, சிறுத்தை இருக்கும் அதே பட்டியல். 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய அட்டவணைகள் நடைமுறைக்கு வந்தபோதும் கரடியின் இடம் மாறவில்லை. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதோடு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். குறைந்தபட்சச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட குற்றம் என்பதால் வனத்துறையிடம் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள வழியில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போயே ஆகவேண்டும்.

வேட்டை என்றதும் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். சட்டத்தின் 2(16) பிரிவைப் படித்தால் அந்த நினைப்பு மாறிவிடும். கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, துரத்துவது, தீனி வைத்து இழுப்பது, காயப்படுத்துவது, உடலில் ஒரு பகுதியை எடுப்பது எல்லாம் அதற்குள் வருகின்றன. இவற்றுக்கு முயன்றாலே போதும். கரடி மாட்டியிருக்க வேண்டும் என்பதில்லை.

புதியவர்கள் சிக்குவது பெரும்பாலும் தாங்கள் நேராகச் செய்யாத காரியத்தில்தான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்திருப்பார்கள். அவர் காட்டுப்பன்றித் தொல்லைக்கு வேலியோரம் கம்பிச் சுருக்கு கட்டியிருப்பார். அதில் கரடியோ சிறுத்தையோ மாட்டினால், "பன்றிக்குத்தான் வைத்தோம்" என்ற பதில் எடுபடாது. காட்டுப்பன்றியும் அட்டவணையில் உள்ள விலங்குதான். அனுமதியில்லாமல் அதற்குச் சுருக்கு வைப்பதே குற்றம். பழத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயாக இருந்தால் வெடிபொருள் வழக்கும் சேர்ந்துகொள்ளும். குற்றத்துக்குப் பயன்பட்ட பொறி, ஆயுதம், வாகனம் எல்லாம் அரசுடைமையாகும். எனவே வீட்டுச் சாவியை வாங்கிய வாரமே வேலியோரத்தைக் காலால் நடந்து பாருங்கள். தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில், பாதைபோலத் தேய்ந்த இடங்களில், பைக் கிளட்ச் கேபிளோ இரும்புக் கம்பியோ வளையமாகத் தொங்கினால் அது சுருக்கு. நீங்கள் வைத்ததல்ல என்றால் படமெடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பேசாமல் அவிழ்த்து வீசினால், நாளைக்கு யார் வைத்தது என்ற கேள்வி வரும்போது உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது.

வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் பாய்ச்சுவது இதைவிட மோசம். கரடியும் சாகும், தேயிலை பறிக்க வருபவரும் சாவார். அப்போது வழக்கு வன உயிரினச் சட்டத்தோடு நிற்காது. சூரிய மின்வேலி போடலாம். ஆனால் அதற்கும் 2023இல் தமிழ்நாடு அரசு பதிவு, ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. காப்புக்காட்டை ஒட்டிய இடங்களில் வனத்துறை அனுமதி வாங்கித்தான் போடவேண்டும், ஏற்கெனவே இருக்கும் வேலியைப் பதிவு செய்யவேண்டும். இடத்தை வாங்கும்போது வேலியும் சேர்ந்து வந்திருந்தால், பதிவுச் சான்று இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள்.

தற்காப்பு எதுவரை

11(2) பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்றிக்கொள்ள, நல்லெண்ணத்தோடு வன விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் அது குற்றமாகாது. இந்தப் பிரிவைச் சொல்பவர்கள் மூன்று விஷயங்களை விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் பேசுவது மனித உயிரைப் பற்றி மட்டும். கோழி, ஆடு, நாய், கார்க் கண்ணாடி, சமையலறைக் கதவு எதுவும் அதில் இல்லை. உள்ளே புகுந்து வெல்லத்தைத் தின்றுகொண்டிருக்கும் கரடியை, நீங்கள் பூட்டிய படுக்கையறைக்குள் இருந்துகொண்டு ஜன்னல் வழியாகச் சுட்டால் அது தற்காப்பு ஆகாது.

அடுத்தது, அந்த நேரத்தில் நீங்கள் இதே சட்டத்தை மீறும் வேறு காரியத்தில் இருந்திருக்கக் கூடாது. சுருக்கைப் பார்க்கப் போன இடத்தில் கரடி பாய்ந்தது என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மூன்றாவதாக, அப்படிக் கொல்லப்பட்ட கரடி அரசின் சொத்து. புதைக்கவோ எரிக்கவோ உங்களுக்கு உரிமையில்லை. தொடாமல் வைத்து, உடனே தகவல் சொல்ல வேண்டும்.

துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த உரிமம் ஆயுதம் வைத்துக்கொள்ளத்தான். கரடியின்மீது நீட்ட அதில் எந்த அனுமதியும் இல்லை.

கரடி ஏன் வருகிறது

அதன் கண்பார்வை சுமார், மூக்கு அபாரம். காட்டில் கரையான், எறும்பு, தேன், நாவல், கொன்றை, அத்தி, இலந்தை என்று தேடித் தின்னும் பிராணி. மண்ணைத் தோண்டி, ஊதி, உறிஞ்சித் தின்பதற்கென்றே அமைந்த முகமும் நீண்ட நகங்களும் அதற்கு. ஒரு கரையான் புற்றுக்கு அது படும் பாட்டைப் பார்த்தால், பலகைக் கதவு எம்மாத்திரம் என்று புரியும். நீலகிரியில் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடிப்பது, பேக்கரி, ரேஷன் கடை, பள்ளிச் சத்துணவுக் கூடம் ஆகியவற்றுக்குள் புகுந்து எண்ணெயையும் இனிப்பையும் காலி செய்வது எல்லாம் அடிக்கடி நடப்பவை. நம் ஊர்க் கரடி குளிர்காலத் தூக்கம் போடாது. ஆண்டு முழுவதும் பசியோடு நடமாடும். பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை குட்டி போடும். பிறகு மாதக்கணக்கில் குட்டிகளை முதுகில் சுமந்தபடி திரியும். அந்தக் காலத்துத் தாயிடம் விளையாட்டு வேண்டாம்.

தேயிலைத் தோட்டம் கரடிக்கு உணவு தராது, மறைவிடம் தரும். கைவிடப்பட்ட தோட்டங்களில் உண்ணிச்செடி ஆளுயரம் மண்டிக் கிடக்கும். பகலில் அதற்குள் படுத்திருந்துவிட்டு, இருட்டியதும் வாசனை வரும் திசையில் இறங்கி வரும். உங்கள் வீடு அந்த வழியில் இருக்கிறதா என்பதை, வாங்கும் முன்பே பக்கத்து லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில்) இருப்பவர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தரகர் சொல்லமாட்டார்.

வீட்டைச் சரிசெய்வது

கரடியின் உடலைத் தொடும் எதற்கும் சட்டம் உங்களை அனுமதிக்காது. உங்கள் வீட்டின் வாசனைக்கும் கதவுக்கும் நீங்கள்தான் முதலாளி. செலவும் உழைப்பும் இங்கே போகட்டும்.

முதலில் குப்பை. மிச்ச உணவை இரவில் வெளியே வைக்கவே கூடாது. பிளாஸ்டிக் வாளியின் மூடி கரடிக்கு ஒரு தடையே அல்ல. உள்ளாட்சி வண்டி வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு காலையில் வெளியே எடுத்து வையுங்கள். மக்கும் கழிவை உரமாக்குபவர்கள் அந்தக் குழியில் காய்கறித் தோலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பழம், சோறு, மீன் செதில், எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு எதுவும் சேரக் கூடாது. இறைச்சி வாங்கிய பையைக் கழுவிக் காயப்போடுவதைக்கூட வீட்டுக்குள் செய்யுங்கள்.

அடுத்தது சமையலறை. நீலகிரியின் பழைய வீடுகளில் சமையலறையைப் பின்பக்கம் தனியாக, தகரக் கூரையும் பலகைக் கதவுமாகக் கட்டியிருப்பார்கள். கரடி குறி வைப்பது அதைத்தான். எண்ணெய் டின், வெல்லம், சர்க்கரை, தேன், நெய், நாய்த் தீவனம், மாட்டுப் புண்ணாக்கு இவற்றை அங்கே வைக்காமல் வீட்டின் நடு அறையில், இறுக மூடும் எவர்சில்வர் டப்பாக்களில் வையுங்கள். பின்கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தகடு அடித்து, மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். நடுவில் ஒற்றைத் தாழ்ப்பாள் இருந்தால் கரடி கீழ் மூலையில் நகத்தை நுழைத்துப் பலகையைப் பிளந்துவிடும். ஜன்னலுக்கு மரக் கம்பி போதாது. சுவரில் பதித்த இரும்புக் கம்பி வேண்டும்.

பழ மரங்கள். பலா, கொய்யா, பேரி, பிளம்ஸ் காய்க்கும் பருவத்தில் பழுக்குமுன்பே பறித்துவிட வேண்டும். விழுந்ததை அன்றைக்கே பொறுக்க வேண்டும். "தொல்லையே வேண்டாம், மரத்தையே வெட்டிவிடுவோம்" என்று அரிவாளை எடுத்தால் இன்னொரு சட்டம் குறுக்கே வரும். மலைப்பகுதிகளில் மரங்களைப் பாதுகாக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீலகிரியில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி தேவைப்படும். சமவெளியிலிருந்து வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இதில்தான்.

வீட்டைச் சுற்றியும் தெருவுக்குப் போகும் நடைபாதையின் இரு பக்கமும் உண்ணிச்செடியை வெட்டித் திறந்தவெளியாக வையுங்கள். உண்ணிச்செடி களைதான், அதை வெட்டலாம். ஆனால் வேலிக்கு அப்பால் காப்புக்காடாக இருந்தால் அங்கே போய் வெட்டக் கூடாது. 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி அத்துமீறலாகிவிடும். நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்கு ஒன்றைக் கழிவறைக்குப் போகும் வழியில் மாட்டுங்கள். அது கரடியைத் துரத்தும் என்று நம்ப வேண்டாம், நீங்கள் கரடிமேல் போய் முட்டாமல் இருக்க உதவும். தோட்டத்தில் தரைமட்டக் கிணறு இருந்தால் சுற்றுச்சுவர் எழுப்புங்கள். இருட்டில் கரடி விழும், மனிதரும் விழுவார்.

நாயைப் பற்றி இங்கே இரண்டு கட்சி உண்டு. கட்டிப்போட்ட நாய் குரைத்து எச்சரிக்கும், அது நல்லது. அவிழ்த்துவிட்ட நாய் கரடியைச் சீண்டிவிட்டு எசமானின் காலடிக்கே ஓடி வரும். பின்னாலேயே கரடியும் வரும். காட்டோரப் பாதையில் நாயைச் சங்கிலியில்லாமல் கூட்டிப் போகாதீர்கள்.

வந்துவிட்ட இரவு

பின்கட்டில் சத்தம் கேட்கிறது. கரடிதான் என்று தெரிகிறது. வரிசை இது:

1. கதவைத் திறக்காதீர்கள். எல்லோரையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து, அந்த அறையைத் தாழிடுங்கள். கழிவறை வெளியே இருக்கும் வீடுகளில் யாராவது அங்கே போயிருக்கிறார்களா என்று பாருங்கள். போயிருந்தால் உள்ளேயே தாழிட்டு இருக்கச் சொல்லிக் கத்துங்கள்.

2. உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு அழையுங்கள். அந்த எண்ணை முன்பே வாங்கிச் சமையலறைச் சுவரில் எழுதி வைத்திருக்க வேண்டும். கோத்தகிரி, கட்டபெட்டு, குன்னூர் என்று சரகங்கள் பிரிந்திருக்கின்றன. உங்கள் வீடு எந்தச் சரகம் என்பதைக் குடிவந்த வாரமே நேரில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். எண் கிடைக்காவிட்டால் 112.

3. சொல்லவேண்டியது இவ்வளவுதான்: ஊர், தெரு, அடையாளம், கரடி ஒன்றா, குட்டியோடா, வீட்டுக்குள்ளா வெளியிலா, யாருக்காவது காயமா. "சார், கரடி வந்திருக்கு, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தால் வருபவர்கள் எந்தப் பொருளோடு வரவேண்டும் என்று தெரியாமல் வருவார்கள்.

4. உள்ளிருந்தபடியே விளக்குகளைப் போடுங்கள், பாத்திரத்தைத் தட்டுங்கள், குரல் கொடுங்கள். அதற்குத் தப்பிக்க வழி திறந்திருக்க வேண்டும். முன்பக்கம் நாலு பேர், பின்பக்கம் நாலு பேர் நின்று கத்தினால் கரடி ஆள்மேல்தான் பாயும்.

கரடி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டிருந்தால், அது நுழைந்த கதவை யாரும் சாத்தக் கூடாது. அடைத்துப் பிடித்துவிடலாம் என்ற ஆசை வரும். அடைப்பதும் பிடிப்பதுதான், சட்டத்தின் கண்ணில். அதோடு மூடிய அறையில் மாட்டிய கரடி எதை உடைக்கும் என்று சொல்லமுடியாது.

பட்டாசு, கல், தீப்பந்தம் ஆகியவற்றோடு தேயிலைக்குள் துரத்திக்கொண்டு ஓடுவதை ஊர்க்காரர்கள் வீரமாகச் சொல்வார்கள். துரத்துவது மேலே சொன்ன பட்டியலில் இருக்கும் வினை. வனத்துறையினர் செய்வது அவர்களுக்குள்ள அதிகாரத்தில், கரடி போகவேண்டிய திசையைத் தீர்மானித்துச் செய்வது. நீங்கள் துரத்தினால் அது பக்கத்து லைன் வீட்டுக்குள் போகலாம், அங்கே குழந்தை வாசலில் நிற்கலாம்.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே நடந்ததை இந்த வட்டாரத்து வனப் பணியாளர்கள் இன்னும் எடுத்துச் சொல்கிறார்கள். கரடி முதலில் தாக்கியது வண்டியில் போன ஒரு வியாபாரியை. காப்பாற்றப் போன இருவரையும் அது முகத்தில் குதறியது. மயக்க ஊசி போட்டுப் பிடித்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அந்தக் கரடியும் பிறகு செத்துப்போனது. கூட்டம் சேருவதைத் தடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இப்படிப்பட்ட நேரத்தில் ஆட்கள் கூடுவதைத் தடுக்க, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவில் தடையுத்தரவு போட நிர்வாகத்தால் முடியும். பழைய 144தான் அது. அந்த உத்தரவு இருக்கும்போது செல்போனில் படமெடுக்கப் போவதும் குற்றமாகும்.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால்

கரடி மனிதரைத் தின்ன வருவதில்லை. எதிர்பாராமல் பக்கத்தில் ஆளைப் பார்த்துத் திடுக்கிட்டுத் தாக்கும். எனவே விடிகாலையிலும் மாலையிலும் தோட்டப் பாதையில் தனியாகப் போகாமல், பேசிக்கொண்டே, கம்பைத் தட்டிக்கொண்டே போவதுதான் பெரிய பாதுகாப்பு. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு காலை ஓட்டம் போவது இந்த மலையில் நல்ல பழக்கமல்ல.

தொலைவில் பார்த்தால் ஓடாதீர்கள். அதைப் பார்த்தபடி, மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓடினால் அது உங்களைவிட வேகமாக ஓடும், மரம் ஏறினால் அதுவும் ஏறும். இரண்டு மூன்று பேர் இருந்தால் நெருங்கி நின்றுகொள்ளுங்கள், சிதறாதீர்கள். மேலே பாய்ந்தேவிட்டால் குப்புற விழுந்து, விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மூடி, முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்ளுங்கள். கரடி குறிவைப்பது தலையையும் முகத்தையும். அது விலகிப் போனபின்பும் சற்று நேரம் அசையாமல் கிடங்கள்.

காயம்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள், 108ஐ அழையுங்கள். இரத்தம் கட்டுக்குள் இருந்தால் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ காப்பித் தூளோ அப்பாதீர்கள். மருத்துவமனையில் "கரடி கடித்தது" என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வன விலங்குக் கடி என்பதால் வெறிநாய்க் கடிக்குப் போடும் தடுப்பூசியும், காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியும், தடுப்பூசி பாக்கியிருந்தால் டெட்டனஸும் தேவைப்படும். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்களில் ஊசி. நகம் கீறியதுதானே என்று மூன்றாம் ஊசிக்குப் பின் நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. முதலில் தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தாலும், அரசு மருத்துவரிடம் காயச் சான்று வாங்கிவிடுங்கள். இழப்பீட்டு மனு அதில்தான் நிற்கும்.

மறுநாள் காலை

உடைந்த கதவைத் தச்சர் வந்து சரிசெய்துவிட்டுப் போனபின் வனத்துறைக்குப் போன் செய்பவர்கள் பலர். வந்து பார்க்கும் வனவருக்கு அங்கே பார்க்க ஒன்றுமிருக்காது. ஒழுங்கு இதுதான்: படமெடு, தகவல் சொல், அவர்கள் பார்த்துவிட்டுப் போகும்வரை தொடாதே. கால் தடம், எச்சம், முடி, நகக் கீறல் இவற்றைத் தனித்தனியே, பக்கத்தில் ஒரு அடிக்கோலோ தீப்பெட்டியோ வைத்து எடுங்கள். எச்சத்தை மறந்துவிடாதீர்கள். சேதம் செய்தது கரடியா குரங்கா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும்.

மனுவை மாவட்ட வன அலுவலருக்கு எழுதி வனச்சரகரிடம் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தேதியும் நேரமும், இடத்தின் சர்வே எண், சேதப் பட்டியல், படங்கள், ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தக நகல் இருக்கட்டும். வாடகை வீடு என்றால் ஒப்பந்த நகல். காயமென்றால் மருத்துவச் சான்றும் ரசீதுகளும். உயிரிழப்பு என்றால் முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை, வாரிசுச் சான்று. வாரிசுச் சான்றுக்குத்தான் நாளாகும். அதை முதல் வாரமே விண்ணப்பித்துவிட வேண்டும்.

தொகையைப் பொறுத்தவரை, ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் உயர்த்திய அளவு: உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 2 லட்சம், சிறு காயத்துக்குச் சிகிச்சைச் செலவாக 25,000 வரை. வீடு, பொருள் சேதத்துக்கு மாநில அரசின் விகிதம். அது அரசாணைக்கு அரசாணை மாறும் என்பதால் சரக அலுவலகத்தில் நடப்பு விகிதத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேக்குக் கதவுக்குப் போட்ட பணம் முழுதும் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டுக் காப்பீடு எடுக்கும்போது வன விலங்குச் சேதம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

மனு சிக்குவது எங்கே? காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் விறகு பொறுக்கப் போன இடத்தில் காயம்பட்டிருந்தால் கேள்விகள் எழும். சம்பவ இடத்தை மாற்றிச் சொல்லலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கால்தடமும் இரத்தக் கறையும் இருக்கும் இடம் வேறாக இருக்கும்போது மொத்த மனுவும் கெட்டுப்போகும்.

"பிடிச்சுட்டுப் போங்க சார்"

கரடியைப் பிடிக்கும் உத்தரவை வனச்சரகர் போடமுடியாது, மாவட்ட வன அலுவலரும் போடமுடியாது. வன உயிரினச் சட்டத்தின் 11(1)(அ) பிரிவின்படி, முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது மீளமுடியாத அளவுக்கு ஊனமோ நோயோ அடைந்துவிட்டது என்று மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் திருப்தியடைந்து, காரணத்தை எழுதி உத்தரவிட வேண்டும். பிடிக்கவோ மயக்கவோ இடம்மாற்றவோ முடியாது என்ற நிலையில்தான் கொல்ல உத்தரவிடலாம். பிடித்ததைக் காட்டில் விடமுடியாது என்றால்தான் கூண்டிலேயே வைத்திருக்கலாம். அதற்கும் எழுத்தில் காரணம் வேண்டும். கரடியைத் "தொல்லை தரும் விலங்கு" என்று அறிவித்துவிடலாமே என்றால், 62ஆம் பிரிவு இரண்டாம் அட்டவணை விலங்குகளுக்கு மட்டுமே பொருந்தும். கரடிக்கு அந்த வழி கிடையாது.

"உயிருக்கு ஆபத்து" என்பதற்கும் "எண்ணெய் டின்னைக் கவிழ்த்தது" என்பதற்கும் உள்ள தூரம்தான் உங்கள் மனுவின் தலைவிதி. தெருவில் நடந்து போனது என்பதற்காகக் கூண்டு வராது. பகலில் ஆட்கள் நடமாடும்போதே வருவது, ஆளைப் பார்த்தும் விலகாதது, தொடர்ந்து வீடுகளை உடைப்பது, ஆளைத் தாக்கியது இவற்றைத் தேதிவாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் படமோ கேமராப் பதிவோ சேர்த்து, தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் அதற்கு எடை இருக்கும். அதன்பின் வனத்துறை தானியங்கிக் கேமரா வைத்து எந்தக் கரடி என்று பார்க்கும். பிறகே கூண்டு. ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023 மார்ச்சில் மனித–வன உயிரின மோதலுக்கென வெளியிட்ட வழிகாட்டுதல்களில் கரடிக்குத் தனி வழிகாட்டுதலே இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

கூண்டு வைத்துவிட்டால் அதன் பக்கம் போகாதீர்கள், உங்கள் வீட்டு வாழைப்பழத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். தாய் மாட்டி, குட்டி வெளியே நின்றால் உடனே சொல்லுங்கள். பிடித்தாலும் தொல்லை தீர்ந்துவிடும் என்பது நிச்சயமில்லை. இடம்மாற்றிய கரடி திரும்பி வருவதுண்டு. வராவிட்டாலும், குப்பையும் பலகைக் கதவும் அப்படியே இருக்கும் தெருவுக்கு வேறு கரடி வரும்.

குட்டி, சடலம், முடி

தனியாக நிற்கும் குட்டியைத் தூக்கிவராதீர்கள். தாய் பெரும்பாலும் புதருக்குள் இருக்கும், உங்கள் பின்னாலேயே வரும். தூக்குவது சட்டப்படி பிடிப்பது. எந்த வகையிலாவது ஒரு வன விலங்கோ அதன் பாகமோ உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும் என்பது 39ஆம் பிரிவு. சாலையில் வண்டி மோதிச் செத்த கரடிக்கும் இதேதான். மோதிவிட்டு ஓடினால் விபத்து வேறு கதையாகிவிடும். நின்று, வண்டிக்குள் இருந்தபடியே தகவல் சொல்லுங்கள். அடிபட்ட கரடியின் பக்கத்தில் போகாதீர்கள்.

முடியும் நகமும் பல்லும்கூடச் சட்டத்தில் "வெற்றிச் சின்னம்" என்ற வரையறைக்குள் வருகின்றன. குழந்தை பயப்படாமல் இருக்கக் கரடி முடித் தாயத்து, வாதத்துக்குக் கரடி நெய் என்று சந்தையில் விற்பவை போலியாக இருந்தால் பணம் போச்சு, உண்மையாக இருந்தால் வழக்கு. வீடு வாங்கும்போது பழைய பங்களாவின் சுவரில் கரடித் தோலோ தலையோ மாட்டியிருந்தால், அதற்கு உடைமைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டோடு சேர்த்து வாங்கிக்கொள்ளாதீர்கள். விற்பவரே வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைத்தபின் கிரயம் முடியுங்கள்.

விடுதி நடத்துபவர்களுக்கு

விருந்தினர் பார்ப்பதற்காகப் பலாப்பழமோ சர்க்கரைப் பாகோ வைத்துக் கரடியை முற்றத்துக்கு வரவழைப்பது தீனி வைத்து இழுப்பது. வேட்டையின் வரையறைக்குள் நேராக வந்து விழும் குற்றம் இது. படமெடுத்து விளம்பரத்துக்குப் போடுபவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே உலகத்துக்குக் காட்டுகிறார்கள். இரவு நேரத்தில் "விலங்கு பார்க்க" ஜீப் ஓட்டுவதும் வேண்டாம். சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவது 27ஆம் பிரிவில் தனியே தடுக்கப்பட்டிருக்கிறது.

விருந்தினர் அறையில் தமிழிலும் அவர்களுக்குத் தெரிந்த மொழியிலும் நாலு வரி ஒட்டுங்கள்: உணவை வராந்தாவில் வைக்காதீர்கள், இருட்டியபின் கார் நிற்கும் இடத்துக்கு ஆள் துணையின்றிப் போகாதீர்கள், கரடியைப் பார்த்தால் வரவேற்பறைக்குப் போன் செய்யுங்கள், வெளியே வராதீர்கள். முகாம் நெருப்பில் கோழி சுட்டால் எலும்பையும் மசாலா தடவிய தாளையும் அன்றிரவே உள்ளே எடுத்துவிட வேண்டும். சுடும் கம்பியைக் கழுவாமல் வெளியே விட்டாலும் போதும், அடுத்த நாள் அது எங்கே கிடக்கும் என்று தேட வேண்டியிருக்கும்.

வேலைக்கு வைக்கும் காவலாளியிடம் இதையெல்லாம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், சுருக்கு, வெடி, விஷம், மின்கம்பி எதுவும் இந்த இடத்தில் வைக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, வேலி முழுவதையும் மாதம் ஒருமுறை அவரோடு நடந்து பாருங்கள். அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே சரக அலுவலக எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.